நிலைமொழி ஈறும் வருமொழி முதலும்

இரண்டு கிரே கதிர்வீச்சு, அவ்வளவுதான்.
இயந்திரம் ‘க்ளிக்’ என்றதும்
தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு
இர்ஹெல் வளாகத்துத் தாழ்வாரத்தில் ஓடிவருகிறேன்,
அடுப்பில் பால் பொங்கிவிடும் என்பதுபோல.

உள்ளே ஒவ்வொரு உட்கருவிலும்
எழுபது எண்பது இடங்களில்
இரட்டை இழையும் சேர்ந்தே அறுந்திருக்கும்.
அறுந்த இடத்தில் பச்சைப் புள்ளி ஒளிரும்.
ஒட்டியதும் அணையும்.
ஒரு மணி, நான்கு மணி, இருபத்து நான்கு மணி.
அணையாத புள்ளிகளை எண்ணுவதுதான்
என் முனைவர் பட்டம்.

“கிட்னி ஸ்டோனா அக்கா?” என்றான் தம்பி போனில்.
கல் என்றால் நல்லது, என்றேன்.

இரண்டாம் அத்தியாயம் எழுதுகையில்
அறுந்த முனைகள் சேரும் விதத்தை யோசித்து யோசித்து
பத்தாம் வகுப்புப் புணர்ச்சி இலக்கணத்தில் போய் முட்டினேன்.
அவசரத்தில் ஒட்டினால் விகாரம் மூன்று.
தோன்றல்:
வாழைக்கும் பழத்துக்கும் நடுவே
எங்கிருந்தோ ஒரு ப் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
திரிதல்: பொன், குடத்தின் அருகே பொற் ஆகும்.
கெடுதல்:
மரவேரில் மகரமெய் எங்கே போனதென்று
எந்த மரமும் கேட்டதில்லை.
செல் கேட்கும்.
பல வருடம் கழித்து, விலாவுக்குக் கீழே,
ஓர் ஆரஞ்சின் அளவில் கேட்கும்.

இயல்பாகப் புணர்வதற்கோ பொறுமை வேண்டும்.
பக்கத்திலிருக்கும் நகலைப் பார்த்து
எழுத்தெண்ணிச் சரிசெய்ய வேண்டும்.
அந்தப் பொறுமைக்கு உதவும் மரபணு ஒன்று
மூன்றாம் குரோமோசோமின் குறுங்கையில் இருக்கிறது.
இந்தப் புற்று பெரும்பாலும் அந்தக் கையைத்தான்
முதலில் தொலைத்துவிட்டு வருகிறது.

தொலைத்ததை நம்பியே என் கருதுகோள்:
திருத்தத் தெரியாததை
இன்னும் கொஞ்சம் உடைத்தால் விழும்.

காய்ச்சலோ காலில் கட்டோ, யாரைப் பார்த்தாலும்
சீக்கிரம் சரியாகிவிடும் என்று சொல்லியே பழகிய வாய்.
இரவு பதினொன்றுக்கு
நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு முணுமுணுக்கிறது:
ஒட்டாதே. ஒட்டித் தொலையாதே.

செப்டம்பரில் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள்.
ஹெர் சோலிங்கர் வந்தார்.
சூரிச்சில் முப்பது வருடம் டிராம் ஓட்டியவர்.
இடது சிறுநீரகத்தை
மருத்துவமனையில் கையெழுத்திட்டுக் கொடுத்தவர்.
“இதில் என்னுடையது எது?”
எங்களிடம் பெயர் வராது, எண்தான் வரும், என்றேன்.
“டிராமுக்கும் அப்படித்தான்.”
கொஞ்ச நேரம் குளிர்ப்பெட்டிகளைப் பார்த்திருந்தார்.
“என்ன சாப்பிடும்?”
ரோஜா நிறத் திரவம். சர்க்கரை. கன்றின் குருதிநீர்.
“என்னைவிட நல்ல சாப்பாடு.”
பிறகு கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து பார்த்தார்.
நீல உட்கருக்கள், பச்சைப் பொட்டுகள்.
“அழகாயிருக்கிறதே” என்றார்,
திட்டுவதுபோல.

இன்று கடைசி எண்ணிக்கை.
நான் ஆசைப்பட்டு எண்ணிவிடக் கூடாதென்று
தட்டுகளின் பெயரை மறைத்து
உறையிலிட்டு ஒட்டிப் போயிருக்கிறாள் ரெகுலா.
ஒரு தட்டில் மூன்று, இரண்டு, பூஜ்யம், நான்கு.
இன்னொன்றில் பதினேழு, பதினான்கு, இருபத்தொன்று.
எது எது என்று காலை ஒன்பதுக்குத் தெரியும்.
வயிறு இப்போதே தெரிந்ததுபோல் நடிக்கிறது.

ஓர் உட்கருவின் ஓரத்தில்
இரண்டு புள்ளிகளா, ஒன்றேதானா?
குவியத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தேன்.
பத்தொன்பது என்று எழுதினேன்.
மறுபடி பார்த்தேன். இருபது.

குறிப்பேட்டில் எதையும் அழிக்கக் கூடாது.
பிழையின் மேல் ஒற்றைக் கோடு,
அடியில் அது படிக்கக் கிடைக்க வேண்டும்,
அருகே சரியானது, கையெழுத்து, தேதி.

கோடிட்டேன். இருபது என்று எழுதினேன்.
கையெழுத்திட்டேன்.
தேதியில்தான் பேனா நின்றது.
மணி பன்னிரண்டு பத்து.
கடைசி டிராமும் போயிருக்கும்.